நம்பத்தகுந்த மழையைக் கணித்தல்: சதமணை பற்றிய விளக்கம்

உலர்வலயத்தில் நெல்லும் மரக்கறியும் செய்வோரின் வாழ்வு மழையைச் சார்ந்தது. இவ்வலயத்திற் பெய்யும் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவானது. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள சில மாதங்களிலேயே கிடைத்துவிடுகின்றது. அம்மழை பிந்தினாலும், குறைந்தாலும், ஒரே கிழமையிற் கொட்டித் தீர்ந்தாலும் கமக்காரரின் உழைப்பும் முதலும் ஒருங்கே அழிகின்றன. மழையை நிறுத்தவோ வரவழைக்கவோ எவராலும் இயலாது. ஆயினும், கடந்த ஆண்டுகளில் எவ்வளவு மழை எத்தனை முறை கிடைத்தது என்பதைப் பதிந்து வைத்து, அப்பதிவிலிருந்து எவ்வளவை நம்பி விதைக்கலாம் என்று கணித்துக்கொள்ள எவராலும் இயலும். அதற்கு உதவும் கணக்கே சதமணை எனப்படுவது. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் ஆகிய நான்கும் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம்.

சராசரி மறைக்கும் செய்தி

மழையைப் பற்றிப் பேசும்பொழுது சராசரி அளவையே பலரும் குறிப்பிடுவர். எல்லா ஆண்டுகளின் மழையையும் கூட்டி, ஆண்டுகளின் தொகையாற் பிரித்தால் வருவது சராசரி. இது பிழையான கணக்கன்று. ஆனால், இதனை மட்டும் நம்பிச் செய்கையைத் திட்டமிடுவோர் ஏமாற்றமடைய நேரும். அதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம்.

ஒரு கிராமத்தில் 20 ஆண்டுகளாக ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலும் பெய்த மொத்த மழை பின்வருமாறு பதியப்பட்டதென வைத்துக்கொள்க. இவ்வெண்கள் கணக்கு விளங்கும்பொருட்டு அமைக்கப்பட்டவை. எந்த ஒரு குறிப்பிட்ட இடத்தின் பதிவும் அல்ல. அளவுகள் மில்லிமீற்றரில் உள்ளன.

610, 445, 720, 380, 560, 495, 1240, 410, 655, 530, 325, 585, 470, 905, 540, 290, 620, 460, 780, 480.

இவற்றின் கூட்டுத்தொகை 11,500. அதனை 20 ஆற் பிரித்தால் 575 வரும். ஆகவே, சராசரி மழை 575 மில்லிமீற்றர். "எமது ஊரில் 575 மில்லிமீற்றர் மழை கிடைக்கும்" என்று நம்பிக் கமக்காரர் ஒருவர் விதைப்பாராயின், அவரது நம்பிக்கை எத்தனை ஆண்டுகளில் நிறைவேறியிருக்கும்? பட்டியலை எண்ணிப் பார்த்தால், 575 இற்கு மேற்பட்ட மழை 8 ஆண்டுகளில் மட்டுமே பெய்துள்ளது. மிகுதி 12 ஆண்டுகளிலும் மழை அதற்குக் குறைவு. அதாவது, சராசரியை நம்பி விதைத்தவர் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகளில் நீர் போதாமல் வருந்தியிருப்பார்.

இதற்குக் காரணம் 1240, 905 போன்ற ஓரிரு பெருமழை ஆண்டுகளே. அவ்வாண்டுகளில் வெள்ளமாக ஓடிக் கடலைச் சேர்ந்த நீரும் சராசரியை உயர்த்திவிடுகின்றது. ஓர் ஆண்டின் வெள்ளம் மற்றோர் ஆண்டின் வரட்சிக்கு உதவுவதில்லை. ஆனால், சராசரிக் கணக்கோ இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டுகின்றது.

சதமணை என்றால் என்ன?

எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தினால், வரிசையில் எந்த இடத்தில் எந்த எண் நிற்கின்றது என்பதைக் காணலாம். வரிசை முழுவதையும் நூறு சம பங்குகளாகப் பிரிப்பதாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு பங்கின் எல்லையிலும் நிற்கும் அளவைக் குறிப்பிடுவதே சதமணை. 25ஆம் சதமணை என்பது, எண்களில் நூற்றுக்கு 25 பங்கு தனக்குக் கீழும், 75 பங்கு தனக்கு மேலும் அமையுமாறு நிற்கும் அளவாகும். 90ஆம் சதமணைக்குக் கீழ் 90 பங்கும், மேல் 10 பங்கும் அமையும். சரி நடுவில் நிற்கும் 50ஆம் சதமணைக்கு இடையம் என்பது பெயர். 25ஆம், 50ஆம், 75ஆம் சதமணைகள் வரிசையை நான்காகப் பிரிப்பதால் அவற்றைக் காலணைகள் என்றும் அழைப்பர்.

பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1885ஆம் ஆண்டளவில் இம்முறைக்குப் பெயரிட்டு வழங்கினார். அவுஸ்திரேலியாவில் கிப்ஸ், மாகர் என்னும் இருவர் 1967ஆம் ஆண்டில், மழைப் பதிவுகளைப் பத்துப் பங்குகளாகப் பிரித்து, ஆகக் குறைந்த பங்கினுள் அமையும் மழையைக் கொண்டு வரட்சியை அளவிடும் வழியை வகுத்தனர்.

கணிக்கும் முறை

முதலாவது படி: எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக ஒழுங்குபடுத்துதல். மேற்கூறிய 20 எண்களும் ஒழுங்குபடுத்தப்பட்டபின் பின்வருமாறு அமையும்.

1ஆம் இடம் 290. 2ஆம் இடம் 325. 3ஆம் இடம் 380. 4ஆம் இடம் 410. 5ஆம் இடம் 445. 6ஆம் இடம் 460. 7ஆம் இடம் 470. 8ஆம் இடம் 480. 9ஆம் இடம் 495. 10ஆம் இடம் 530. 11ஆம் இடம் 540. 12ஆம் இடம் 560. 13ஆம் இடம் 585. 14ஆம் இடம் 610. 15ஆம் இடம் 620. 16ஆம் இடம் 655. 17ஆம் இடம் 720. 18ஆம் இடம் 780. 19ஆம் இடம் 905. 20ஆம் இடம் 1240.

இரண்டாவது படி: இடத்தைக் காணுதல். ஆண்டுகளின் தொகையுடன் ஒன்றைக் கூட்டி, வேண்டிய சதமணையாற் பெருக்கி, நூறாற் பிரித்தல் வேண்டும். 25ஆம் சதமணை வேண்டுமாயின், 20 உடன் 1 ஐக் கூட்ட 21; 21 ஐ 25 ஆற் பெருக்க 525; 525 ஐ 100 ஆற் பிரிக்க 5.25. எனவே, தேடும் அளவு 5ஆம் இடத்துக்கும் 6ஆம் இடத்துக்கும் இடையில், கால் பங்கு தூரத்தில் உள்ளது.

மூன்றாவது படி: அளவைக் காணுதல். 5ஆம் இடத்தில் நிற்பது 445. 6ஆம் இடத்தில் நிற்பது 460. இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமை 15. அதன் கால் பங்கு 3.75. இதனை 445 உடன் கூட்ட 448.75 வரும். அதனை 449 எனக் கொள்ளலாம். இதுவே 25ஆம் சதமணை. இரண்டு வரம்புகளுக்கு இடையில் கால் பங்கு தூரத்தில் ஒரு முளையை நடுவது போன்றதே இக்கணக்கு.

இவ்விதமே கணித்தால் 10ஆம் சதமணை ஏறத்தாழ 331 ஆகவும், இடையம் 535 ஆகவும், 75ஆம் சதமணை 646 ஆகவும், 90ஆம் சதமணை ஏறத்தாழ 893 ஆகவும் வரும். படிப்போர் இவற்றைத் தாமே ஒரு தாளிற் செய்து சரிபார்த்துக்கொள்வது நன்று. ஒருமுறை கையாற் செய்தவருக்கு இக்கணக்கு மறவாது.

கணினியில் இதே கணக்கைச் செய்வோருக்குச் சில வேளைகளில் 449 இற்குப் பதிலாக 456 எனும் விடை கிடைக்கலாம். அங்கு இடத்தைக் காணும் விதி சற்று வேறானது. ஆண்டுகளின் தொகையிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெருக்கி, பின்னர் ஒன்றைக் கூட்டுவர். இரண்டு விதிகளும் வழக்கில் உள்ளவை. 7 மில்லிமீற்றர் வேற்றுமையினால் வயலில் எந்தத் தீர்மானமும் மாறப்போவதில்லை. எனினும், ஒரு பதிவேட்டில் எப்பொழுதும் ஒரே விதியையே கையாளுதல் வேண்டும்.

நம்பத்தகுந்த மழை

25ஆம் சதமணையாகிய 449 மில்லிமீற்றரின் பொருளை இனி நோக்குவோம். 20 ஆண்டுகளுள் 5 ஆண்டுகளில் மட்டுமே மழை இவ்வளவுக்குக் குறைந்தது. 15 ஆண்டுகளில் இதற்குக் கூடுதலான மழை பெய்தது. அதாவது, நான்கு ஆண்டுகளுள் மூன்று ஆண்டுகளில் இவ்வளவு மழையேனும் கிடைக்குமென்று நம்பலாம். இதனை 75 நூற்றுவீத எதிர்பார்ப்பு மழை என்பர். சராசரி 575 ஆக இருந்தும், நம்பத்தகுந்த மழை 449 மட்டுமே என்பதைக் கமக்காரர் கருத்திற் கொள்ளவேண்டும். இரண்டுக்கும் இடையேயுள்ள 126 மில்லிமீற்றரே, நம்பி விதைத்து இழக்கும் நீராகும்.

இலங்கையை விவசாயச் சூழலியற் பிரதேசங்களாகப் பிரித்தபொழுதும் சராசரி மழையை விடுத்து, இந்த 75 நூற்றுவீத எதிர்பார்ப்பு மழையே கணக்கில் எடுக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் 24 ஆக வகுக்கப்பட்ட அப்பிரதேசங்கள், 2003ஆம் ஆண்டில் 46 ஆகத் திருத்தி வகுக்கப்பட்டன. ஓரிடத்துக்கு எப்பயிர் ஏற்றது என்னும் ஆலோசனைகளுக்கு இப்பிரிவு அடிப்படையாக உள்ளது.

எத்தனை ஆண்டுகளில் தவறலாம் என்பதை ஒவ்வொருவரும் தம் நிலைக்கேற்பத் தீர்மானித்தல் வேண்டும். நெல் பொய்த்தால் வீட்டில் உணவுக்கே வழியில்லை என்னும் நிலையிலுள்ளவர், நான்கில் ஓர் ஆண்டு தவறுவதையும் தாங்கமாட்டார். அவர் 10ஆம் சதமணையாகிய 331 மில்லிமீற்றரைக் கொண்டு பயிரையும் இனத்தையும் தெரிவு செய்தல் தகும். கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும் உள்ளவர் இடையத்தை நம்பியும் விதைக்கலாம். குறைவதை அவர் கிணற்றிலிருந்து நிரப்பிக்கொள்வார்.

பொதுவாக ஏற்படும் தவறுகள்

முதலாவது தவறு, சதமணையை நூற்றுவீதமென்று கருதுதல். 25ஆம் சதமணை என்பது சராசரியின் நூற்றுக்கு 25 பங்கு அன்று. 575 இன் நூற்றுக்கு 25 பங்கு 144 ஆகும். 25ஆம் சதமணையோ 449. ஒன்று அளவின் பங்கைக் கூறுவது. மற்றது வரிசையில் நிற்கும் இடத்தைக் கூறுவது.

இரண்டாவது தவறு, கீழிருந்து எண்ணுவதையும் மேலிருந்து எண்ணுவதையும் மாற்றிக் கொள்ளுதல். 75 நூற்றுவீதம் எதிர்பார்க்கத்தக்க மழை என்பது 25ஆம் சதமணையே. 75ஆம் சதமணை அன்று. 75ஆம் சதமணையாகிய 646 மில்லிமீற்றர் நான்கில் ஓர் ஆண்டில் மட்டுமே மிஞ்சப்படுவது. 75 என்னும் எண்ணைக் கண்டவுடன் அதனை நம்பி விதைப்பவர் நான்கில் மூன்று ஆண்டுகளில் நட்டமடைவார். ஆதலின், எந்தப் பட்டியலைப் பார்க்கும்பொழுதும் "இவ்வளவுக்குக் குறைந்த ஆண்டுகள் எத்தனை?" என்று கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது தவறு, மாதங்களின் சதமணைகளைக் கூட்டுதல். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களின் 25ஆம் சதமணைகளைத் தனித்தனியே கணித்துக் கூட்டினால், மூன்று மாத மழையின் 25ஆம் சதமணை வராது; பெரும்பாலும் அதனினும் குறைந்த எண்ணே வரும். மூன்று மாதங்களும் ஒரே ஆண்டில் ஒருங்கே பொய்ப்பது அரிது என்பதே காரணம். மூன்று மாத மழை வேண்டுமாயின், ஒவ்வோர் ஆண்டின் மூன்று மாத மழையையும் முதலிற் கூட்டிப் பின்னரே வரிசைப்படுத்தவேண்டும்.

சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது?

போகத் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அடிக்கடி எழும் வினா இது. குளத்தில் உள்ள நீர் கண்ணுக்குத் தெரிகின்றது, அதில் ஐயமில்லை. இனிப் பெய்யப்போகும் மழையே ஐயத்துக்குரியது. சதமணையைப் பயன்படுத்தவேண்டிய இடமும் அதுவே.

ஒரு சிறு குளத்தில் வயலுக்கு விடத்தக்க நீர் 210 ஏக்கர் அடி உள்ளதென்றும், அங்கு ஓர் ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு மழையும் குளத்து நீருமாக 4 அடி நீர் வேண்டுமென்றும் வைத்துக்கொள்க. வயலிற் பயன்படும் சிறுபோக மழையின் சராசரி 12 அங்குலம், அதாவது 1 அடி. அதன் 25ஆம் சதமணை 6 அங்குலம், அதாவது அரை அடி என்றும் கொள்க. இவையும் எடுத்துக்காட்டு எண்களே. மண்ணுக்கும் வாய்க்காலுக்கும் ஏற்ப இவை இடத்துக்கிடம் வேறுபடும்.

சராசரி மழையை நம்பினால், ஏக்கருக்குக் குளத்திலிருந்து 3 அடி போதும். 210 ஐ 3 ஆற் பிரிக்க, 70 ஏக்கர் விதைக்கலாம். நம்பத்தகுந்த மழையைக் கொண்டால், குளத்திலிருந்து மூன்றரை அடி வேண்டும். 210 ஐ 3.5 ஆற் பிரிக்க, 60 ஏக்கர் விதைக்கலாம். இரண்டுக்கும் வேற்றுமை 10 ஏக்கர்.

இந்தப் பத்து ஏக்கரை விட்டுக்கொடுப்பது கூட்டத்தில் எளிதன்று. ஆனால், 70 ஏக்கரும் விதைக்கப்பட்டு மழை 6 அங்குலம் மட்டுமே பெய்தால் நேர்வதைச் சிந்தித்தல் வேண்டும். அப்பொழுது வேண்டிய குளத்து நீர், 70 ஐ 3.5 ஆற் பெருக்க, 245 ஏக்கர் அடி. உள்ளதோ 210. குறைவது 35 ஏக்கர் அடி. இக்குறை விதைப்பின்போது தெரியவராது, முளைக்கும்போதும் தெரியவராது. கதிர் வெளிவந்து பூக்கும் பருவத்திலேயே குளம் வற்றும். நெற்பயிர் நீரின்மையை ஆகக் குறைவாகத் தாங்கும் பருவம் அதுவே. உழவு, விதை, பசளை, களைநாசினி ஆகிய எல்லாச் செலவும் முடிந்த பின்னர், பயிர் பதராகிவிடும். இந்நட்டத்தை வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் அறியார். கடைக்கோடியில் உள்ளவரே அதனை முழுமையாக ஏற்பர். நீர் முறைக்காக அயலவர் ஒருவரோடொருவர் பகைப்பதும் இத்தகைய ஆண்டுகளிலேயே.

60 ஏக்கருடன் நிறுத்திய ஊரில், மழை கூடிய ஆண்டில் சிறிது நீர் குளத்தில் எஞ்சும்; அது கால்நடைக்கும் கிணறுகளின் ஊற்றுக்கும் பயன்படும். எஞ்சிய 10 ஏக்கரிற் பயறு, கௌபீ, எள்ளு போன்ற நீர் குறைவாக வேண்டும் பயிர்களைச் செய்யலாம். குறைத்த பரப்பை எல்லாப் பங்காளருக்கும் பகிர்ந்தளிக்கும் பெத்ம முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. எவரும் நிலமின்றி விடப்படாமல் இருக்க அம்முறை உதவும். நம்பத்தகுந்த மழை மிகக் குறைந்த இடங்களில், மூன்று மாத இனமாகிய பிஜி 300, இரண்டரை மாத இனமாகிய பிஜி 250 போன்ற குறுகிய வயது நெல்லைத் தெரிதலும் நீரை மீதப்படுத்தும்.

மழை தொடங்கும் நாளைக் கணித்தல்

அளவுகளுக்கு மட்டுமன்றி நாட்களுக்கும் சதமணை கணிக்கலாம். பெரும்போகத்தில் விதைப்புக்குப் போதிய முதல் மழை கிடைத்த நாளை 15 ஆண்டுகள் ஒருவர் குறித்து வந்தாரென்று கொள்க. முந்திய நாளிலிருந்து பிந்திய நாள் வரை வரிசைப்படுத்திய பட்டியல் இது: செப்தெம்பர் 22, 26, 29, ஒக்டோபர் 2, 4, 6, 8, 10, 11, 13, 15, 18, 21, 27, நவம்பர் 5.

15 உடன் 1 ஐக் கூட்ட 16. அதன் கால் பங்கு 4. அரைப் பங்கு 8. முக்காற் பங்கு 12. ஆகவே, 4ஆம் இடத்திலுள்ள ஒக்டோபர் 2 ஆம் நாள் 25ஆம் சதமணை. 8ஆம் இடத்திலுள்ள ஒக்டோபர் 10 ஆம் நாள் இடையம். 12ஆம் இடத்திலுள்ள ஒக்டோபர் 18 ஆம் நாள் 75ஆம் சதமணை.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மழையின் அளவில் சிறிய எண்ணே பாதுகாப்பானது. நாட்களிலோ எதற்காக நாள் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்து அது மாறும். நிலத்தை உழுது ஆயத்தமாக வைப்பதற்கு முந்திய நாளாகிய ஒக்டோபர் 2 ஐக் கொள்ளவேண்டும். மழை முந்தி வந்தாலும் அதனை இழக்கமாட்டோம். நாற்றை நடுவதற்கு, நான்கில் மூன்று ஆண்டுகளில் மழை வந்துவிடும் நாளாகிய ஒக்டோபர் 18 ஐக் கொள்ளவேண்டும். மிளகாய் நாற்று நடுகைக்கு ஆயத்தமாக ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். ஆகவே, மழையை நம்பி மிளகாய் நடுவோர், செப்தெம்பர் மாத நடுப்பகுதி கடந்தபின் நாற்றுமேடையில் விதையிட்டால், நாற்று முற்றி வீணாவது குறையும்.

மரக்கறிச் செய்கையும் வருவாயும்

மரக்கறி செய்வோருக்கு நீர் குறைவதைப் போலவே நீர் மிகுவதும் கேடு. வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் வேர்கள் தேங்கிய நீரில் விரைவில் அழுகும். ஆதலின், வடிகாலின் அகலத்தையும் பாத்தியின் உயரத்தையும் தீர்மானிப்போர் மேற்புறச் சதமணையைப் பார்க்கவேண்டும். இதற்கு மூன்று மாத மொத்த மழை உதவாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே நாளிற் பெய்த ஆகக்கூடிய மழையைத் தனியே பட்டியலிட்டு, அதன் 90ஆம் சதமணையைக் கணித்தல் வேண்டும். அந்த மழையை வெளியேற்றத்தக்க வடிகால், பத்து ஆண்டுகளுள் ஒன்பதிற் பயிரைக் காக்கும்.

சந்தை வருவாய்க்கும் இக்கணக்கு ஏற்றது. ஆனால், ரூபாவின் பெறுமதி ஆண்டுக்காண்டு மாறுவதால், பழைய ஆண்டின் விலையையும் இவ்வாண்டின் விலையையும் அப்படியே ஒப்பிடல் ஆகாது. அதற்குப் பதிலாக, அவ்வப்போகத்திற் செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் எவ்வளவு வருவாய் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். தக்காளி செய்த ஒருவரின் 11 போகங்களின் கணக்கு, வரிசைப்படுத்தப்பட்டபின், பின்வருமாறு அமைந்ததெனக் கொள்க: 55, 70, 80, 90, 100, 110, 125, 145, 190, 260, 370.

இவற்றின் கூட்டுத்தொகை 1,595, சராசரி 145. சராசரியை நோக்கின், 100 ரூபா இட்டவருக்கு 45 ரூபா இலாபம் எனத் தோன்றும். இடையமோ 110 மட்டுமே. 25ஆம் சதமணை, 12 இன் கால் பங்காகிய 3ஆம் இடத்தில் நிற்கும் 80. அதாவது, 11 போகங்களுள் மூன்றில், இட்ட 100 ரூபாவுக்கு 80 ரூபாவோ அதற்குக் குறைவாகவோதான் திரும்பக் கிடைத்தது. 370 ரூபா கிடைத்த அந்த ஒரு போகமே ஊரில் எல்லோர் வாயிலும் பேசப்படுவது. சராசரியை உயர்த்துவதும் அதுவே.

நகையை அடகு வைத்து ஒரு இலட்சம் ரூபா முதலிடக் கருதும் குடும்பம், தன்னைத்தானே கேட்கவேண்டிய வினா இது: "எண்பதினாயிரம் மட்டும் திரும்பி வந்தால், குறையும் இருபதினாயிரத்தையும் வட்டியையும் எதிலிருந்து கட்டுவது?" விடை உண்டாயின் செய்கையில் இறங்கலாம். விடை இல்லையாயின், பரப்பைக் குறைத்தோ, ஒரே மரக்கறியை நம்பாது இரண்டு மூன்றைக் கலந்தோ செய்தல் நன்று.

தன் வயலின் நிலையை அறிதல்

ஒரு வயலின் விளைச்சல் அயல் வயல்களின் வரிசையில் எங்கு நிற்கின்றது என்பதையும் காணலாம். ஒரு வெளியில் 40 வயல்கள் இருக்க, அவற்றுள் 26 வயல்களின் விளைச்சல் ஏக்கருக்கு ஒருவர் பெற்ற புசலுக்குக் குறைவாகவும், அவருடையதையும் சேர்த்து 2 வயல்கள் சமமாகவும் உள்ளனவென்று கொள்க. குறைந்தவை 26 உடன் சமமானவற்றின் பாதியாகிய 1 ஐக் கூட்ட 27. அதனை 40 ஆற் பிரித்து 100 ஆற் பெருக்க 67.5. அவர் ஏறத்தாழ 68ஆம் சதமணையில் நிற்கின்றார்.

ஊரில் ஆகக் கூடிய விளைச்சல் பெற்ற ஒருவரைப் பார்த்து மனந்தளர்வதில் பயனில்லை. அவரது மண்ணோ நீரோ வேறாக இருக்கலாம். 75ஆம் சதமணையில் நிற்கும் விளைச்சலை இலக்காகக் கொள்வதே தகும். அதே வெளியில், அதே நீரைக்கொண்டு, நால்வரில் ஒருவர் அதனை அடைந்துள்ளார். அவர் எப்பொழுது விதைத்தார், எப்பொழுது களை பிடுங்கினார், பசளையை எத்தனை முறையாகப் பகிர்ந்து இட்டார் என்று கேட்டறிவது பலனளிக்கும்.

பதிவு வைத்தல்

பதிவு இல்லாதவருக்குச் சதமணையும் இல்லை. மழைமானி கிடைக்காதவிடத்து, அடி தட்டையானதும் பக்கங்கள் நேரானதுமான ஒரு தகரப் பேணியைப் பயன்படுத்தலாம். அதனை மரங்களுக்கும் கூரைக்கும் அப்பால், திறந்த வெளியில், நிலத்தின்மீது சாயாதவாறு பொருத்தி, ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு உள்ளேயுள்ள நீரின் ஆழத்தை மில்லிமீற்றர்க் கோலினால் அளந்து குறித்து, நீரை ஊற்றிவிட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர் நீராகும். மழை பெய்யாத நாளிலும் சுழியத்தை எழுதுதல் வேண்டும்; வெறுமையாக விட்டால், மழையில்லையா, அளக்கவில்லையா என்பது பின்னர் விளங்காது.

பத்து ஆண்டுப் பதிவு ஓரளவு வழிகாட்டும். இருபது ஆண்டுப் பதிவு நம்பத்தக்கது. முப்பது ஆண்டுப் பதிவு மேலும் நன்று. குறைந்த ஆண்டுகளின் பதிவிலிருந்து 5ஆம், 95ஆம் சதமணை போன்ற ஓர எல்லைகளைக் கணித்தல் ஆகாது. சொந்தப் பதிவு இல்லாதவர், அண்மையிலுள்ள மழை அளக்கும் நிலையத்தின் பதிவைக் கமநல சேவை நிலையத்தின் வாயிலாகவோ, விவசாயப் போதனாசிரியர் வாயிலாகவோ கேட்டுப் பெறலாம். எனினும், சில மைல் தூரத்தில் மழை பெரிதும் வேறுபடுவதால், சொந்தப் பதிவையும் இன்றே தொடங்குதல் வேண்டும்.

சதமணைக்கும் எல்லை உண்டு. மூன்று மாத மழை 535 மில்லிமீற்றர் என்றால், அது நாற்பது நாட்களிற் பரந்து பெய்ததா, நான்கு நாட்களிற் கொட்டியதா என்பதை அது கூறாது. இவ்வாண்டு நல்லாண்டா, தீய ஆண்டா என்பதையும் கூறாது. காலநிலை மாறிவரும் இக்காலத்தில், பழைய ஆண்டுகளின் வரிசை வருங்காலத்துக்கு அப்படியே பொருந்துமென்றும் கொள்ளல் ஆகாது. ஆதலின், முழுப் பதிவுக்கும் ஒருமுறை, கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எனக் கணித்து இரண்டையும் ஒப்பிடுதல் நன்று. இரண்டும் வேறுபட்டால், குறைந்த அளவைக் கொண்டு விதைப்பதே பாதுகாப்பு.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. சராசரி மழையை நம்பி விதையாதீர். பெருமழை ஆண்டுகள் அதனை உயர்த்திக் காட்டும்.

2. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துக. ஆண்டுகளின் தொகையுடன் ஒன்றைக் கூட்டி, சதமணையாற் பெருக்கி, நூறாற் பிரித்தால் இடம் கிடைக்கும்.

3. நான்கில் மூன்று ஆண்டுகளில் நம்பத்தக்க மழை 25ஆம் சதமணையே.

4. நீர் போதுமா என்பதற்குக் கீழ்ச் சதமணையையும், வெள்ளம் வடியுமா என்பதற்கு மேற் சதமணையையும் பார்க்க.

5. கடன்பட்டுச் செய்வோர், 25ஆம் சதமணை வருவாயைத் தாங்க இயலுமா என்று முதலிற் கணிக்க.

6. மழையை நாள்தோறும் அளந்து எழுதுக. மழையில்லா நாளிற் சுழியம் எழுதுக.

ஒரு தகரப் பேணியும், ஒரு கோலும், ஒரு கொப்பியும் பெரும் செலவன்று. தந்தை தொடங்கிய பதிவை மகனோ மகளோ தொடர்வாராயின், அடுத்த தலைமுறை விதைக்கும்பொழுது அவ்வூரின் மழையை ஊகிக்கவேண்டியதில்லை. எண்ணிப் பார்த்து விதைக்கலாம்.